விற்றமின் ஈ 400 குளிசை: ஏழு மாதக் கணக்கு

கோண்டாவிலில் தனியாக வசிக்கும் என் பெரியம்மாவுக்கு வயது 74. குளிசை தொடங்கிய நாளில் எடை 48 கிலோகிராம். தோல் வறண்டு செதில் செதிலாக உதிர்கிறது என்றும் இரவில் கெண்டைக்கால் பிடித்திழுக்கிறது என்றும் அவர் தொலைபேசியில் சொல்லக் கேட்ட மகள், ரொறன்ரோவிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் 90 குளிசைகள் கொண்ட விற்றமின் ஈ போத்தல் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அது முடிந்ததும், பத்துக் குளிசை கொண்ட அட்டைகள் ஆறினை யாழ்ப்பாண நகரத்துப் பாமசி ஒன்றில் நான் வாங்கிக் கொடுத்தேன். இம்மதிப்பீடு அந்த இரண்டு பொருள்களையும் பற்றியது. நிறுவனங்களின் பெயர்களை எழுதவில்லை. சொல்லவேண்டியது இந்த வகைக் குளிசை எல்லாவற்றுக்கும் பொருந்தும். குறை என்று நான் கண்டதும் குளிசைக்குள் இருக்கவில்லை. அக்குளிசை உடலுக்குள் பயணம் போகவேண்டிய வழியில் இருந்தது. முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்த எனக்கே அந்த வழி பெரியம்மாவின் சோற்றுக் கோப்பையில் தொடங்குகிறது என்று தெரிய நான்கு மாதங்கள் சென்றன என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் எண்ணெய் அடைத்த மென்மையான குளிசைகள். கனடாக் குளிசை தேன் நிறமும் பெரிய அளவுமாக இருந்தது. விழுங்கும்போது தொண்டையில் நிற்கிறது என்று பெரியம்மா முறையிட்டார். பாமசிக் குளிசை பச்சை நிறம், சற்றுச் சிறியது, வழுக்கிக்கொண்டு இறங்கியது. இரண்டிலும் மணமில்லை. நமது வெயிலில் மென்குளிசைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது வழக்கம்; போத்தலில் இருந்தவை பங்குனி மாதத்தில் அப்படி ஒட்டிப் பாறையாகின, அட்டையில் தனித்தனியாக அடைத்தவை தப்பின. வைத்துப் பாவிக்கும் வசதியில் உள்ளூர் அட்டையே மேல்.

சுட்டியில் எழுதியிருப்பதைப் பொறுமையாக வாசிப்பவர்கள் ஓர் எழுத்து வித்தியாசத்தைக் காண்பார்கள். கனடாப் போத்தலில் "டி-அல்பா தொக்கோபெரோல், 400 ஐ.யு., 268 மில்லிகிராம்" என்று இருந்தது. பாமசி அட்டையில் "டிஎல்-அல்பா தொக்கோபெரைல் அசிற்றேற்று, 400 மில்லிகிராம்" என்று இருந்தது. தொக்கோபெரோல் என்பது விற்றமின் ஈயின் இரசாயனப் பெயர், ஐ.யு. என்பது சர்வதேச அலகு. கூடுதலாக வந்த அந்த "எல்" என்ற எழுத்து, இது ஆய்வுகூடத்தில் தொகுக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. தொகுப்பில் ஒரே மூலக்கூறு எட்டு வடிவங்களில் உருவாகிறது. அவற்றில் நான்கை மட்டுமே உடல் தக்கவைத்துக்கொள்கிறது. ஆகவே அமெரிக்கக் கணக்குப்படி பார்த்தால் அட்டையிலுள்ள 400 மில்லிகிராமில் பயன்படக்கூடியது 180 மில்லிகிராம் அளவே. இதைக் கேட்டவுடன் உள்ளூர்க் குளிசை ஏமாற்று என்று முடிவுகட்ட வேண்டாம். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவது 15 மில்லிகிராம் மட்டுமே. ஒன்றில் அதைப்போல் 12 மடங்கு இருக்கிறது, மற்றதில் ஏறத்தாழ 18 மடங்கு. இவ்வளவு பெரிய சரக்கை ஏற்றி அனுப்புகிறோமே, அதை இறக்கவும் கொண்டுசெல்லவும் அங்கே ஆள் இருக்கிறதா என்பதே எவரும் கேட்காத கேள்வி.

பாமசியில் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில் இது: "ரீச்சர், இது சத்துக் குளிசைதானே, எந்த நேரமும் போடலாம்." பெரியம்மா அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளக்கூடியவர். அவர் ஏற்கெனவே கனடாக் குளிசையை விடிய ஐந்தரை மணிக்கு, விளக்கேற்றிய கையோடு, வெறும் வயிற்றில் ஒரு மிடறு வெறுந்தேநீருடன் விழுங்கிக்கொண்டிருந்தார். விற்றமின் ஈ தண்ணீரில் கரையாது. உணவில் கொழுப்பு வரும்போதுதான் பித்தநீர் குடலுக்குள் சுரக்கிறது. அந்தப் பித்த உப்புக்கள் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைத்து எடுக்கும்போது விற்றமின் ஈயும் அவற்றுடன் சேர்ந்து குடற்கலத்தை அடைகிறது. வெறுந்தேநீரில் கொழுப்பு ஏது? ஒரு மாதத்தின் பின் இதைக் கண்டுபிடித்து, மதியச் சோற்றுடன் எடுக்கச் சொன்னேன். அசிற்றேற்று வடிவிலுள்ளதற்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. சதையி சுரக்கும் நொதியம் ஒன்று அந்த அசிற்றேற்றை வெட்டிவிட்ட பின்னரே அது உள்ளே போகும். நொதியமும் ஒரு புரதமே என்பதை நான் அப்போது நினைத்துப்பார்க்கவில்லை.

போத்தல் முடிந்தது. அட்டைகள் தொடங்கின. தோலும் மாறவில்லை, காலும் மாறவில்லை. பெரியம்மா குளிசைக்கு மூன்று வேளையும் சாபமிட்டார்.

நான்காம் மாதம், பெரியம்மாவை வழமையாகப் பார்க்கும் வைத்தியரிடம் போனோம். அவர் பெரியம்மா நீண்ட காலமாக அஸ்பிரின் எடுப்பதை ஏட்டில் பார்த்துவிட்டு, இவ்வளவு கூடிய விற்றமின் ஈயை யார் எழுதித் தந்தது என்று முதலில் கேட்டார். அதிக அளவில் எடுக்கும் விற்றமின் ஈ குருதி உறைதலைத் தாமதப்படுத்தக்கூடும். குருதி உறைவதைத் தடுக்கும் அஸ்பிரின், வோபரின் போன்ற மருந்துகளை எடுப்பவர்களுக்கு அது இரட்டைச் சுமை. யாரும் எழுதித் தரவில்லை, நாங்களாகவே தொடங்கினோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. பிறகு குருதிப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். குருதியிலுள்ள முக்கிய புரதமான அல்புமின் லீற்றருக்கு 32 கிராம். 35க்குக் கீழே போகக்கூடாது. மொத்தக் கொலஸ்ரரோல் 128. "எனக்குக் கொலஸ்ரரோல் இல்லை" என்று பெரியம்மா அயலெல்லாம் பெருமையாகச் சொல்லிவந்த எண் அது. வைத்தியர் அதைக் கண்டு மகிழவில்லை. "அம்மா, நீங்கள் என்ன சாப்பிடுறீங்கள்?" என்று கேட்டார்.

பெரியம்மாவின் பதிலை நான் வீட்டுக்கு வந்து கணக்காக எழுதினேன். காலையில் பாண் இரண்டு துண்டு, சம்பலுடன். பத்து மணிக்குப் பால் தேநீர் ஒன்று. மதியம் ஒரு அகப்பைச் சோறு, ஒரு மரக்கறி, ரசம். பருப்பு வாய்வு என்று விட்டு ஆறு வருடம். இரவில் நான்கு இடியப்பம், சொதி. பெரியப்பா இறந்த பின் மீன், முட்டை இரண்டையும் விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை ஒருபொழுது. நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் மதியம் ஒருவேளைச் சாப்பாடு. கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும். விரதமில்லாத நாள் ஒன்றின் புரதத்தைக் கூட்டினால் 22 கிராம் வந்தது. வளர்ந்தவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.8 கிராம் என்பது பொதுவான அளவு. முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று உணவியலாளர்கள் சொல்கிறார்கள். பெரியம்மாவுக்கு 48 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். பாதிக்கும் குறைவாகவே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இதற்கும் விற்றமின் ஈக்கும் என்ன தொடர்பு என்பதுதான் குளிசைச் சுட்டியில் எங்கும் எழுதப்படாத விடயம். குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒருநாள் நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நெடுந்தீவுக்குப் போகவேண்டிய அரிசி மூடையும் சீமெந்துப் பையும் காலையிலேயே துறைக்கு வந்து அடுக்கப்பட்டிருக்கும். வள்ளம் வராத நாளில் எத்தனை லொறி மேலதிகமாக வந்து பொருள் இறக்கினாலும் நெடுந்தீவுக் கடைக்குள் ஒரு பையும் போய்ச்சேராது. விற்றமின் ஈ அந்த மூடை; அதற்குக் கால் கிடையாது. குருதி நீர்த்தன்மையானது, எண்ணெய்த்தன்மையான விற்றமின் ஈ அதில் தானாக மிதந்து போகமுடியாது. குருதியில் விற்றமின் ஏயைச் சுமப்பதற்கென்று தனிப் புரதம் ஒன்று உண்டு. விற்றமின் ஈக்கு அப்படி ஒரு தனிச் சுமைகாரன் குருதியில் இல்லை. கொழுப்பை ஏற்றிச்செல்லும் கொழுப்புப்புரத வள்ளங்களில்தான் அது இடம்பிடித்துப் போகவேண்டும்.

முதல் வள்ளம் குடற்சுவரிலேயே கட்டப்படுகிறது. கைலோமைக்குறோன் எனப்படும் அது கொழுப்பையும் விற்றமின் ஈயையும் ஏற்றிக்கொண்டு நிணநீர் வழியாகக் குருதிக்குள் வந்து, போகும் வழியில் கொழுப்பை இறக்கிவிட்டு, எஞ்சியதோடு ஈரலுக்குப் போகிறது. ஈரலில் நடப்பதுதான் சுவையான பகுதி. தொக்கோபெரோல் நான்கு, தொக்கோதிரையீனோல் நான்கு என்று விற்றமின் ஈ குடும்பத்தில் இயற்கையாக எட்டுப் பேர் இருக்கிறார்கள். எல்லோரும் ஈரல் வரை வருகிறார்கள். அங்கே அல்பா தொக்கோபெரோல் கடத்தற் புரதம் என்ற ஒன்று, துறைமுகத்தில் துண்டு பார்ப்பவர்போல் நின்று, அல்பாவை மட்டும் கைபிடித்து அடுத்த வள்ளத்தில் ஏற்றிவிடுகிறது. ஏனையவை பெரும்பாலும் கழிவாக்கப்பட்டு வெளியேறுகின்றன. அதனால்தான் இயற்கை அல்பா தொக்கோபெரோல் குருதியில் பாதியாகக் குறைய இரண்டு நாளுக்கு மேல் ஆகிறது, காமா வடிவம் அரை நாளிலேயே பாதியாகிவிடுகிறது. நமது நல்லெண்ணெயில் உள்ளது பெரும்பாலும் காமா என்பதையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். நல்லெண்ணெயைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது, ஆனால் விற்றமின் ஈ அல்பாவுக்காக அதை நம்பியிருக்க முடியாது. குளிசையிலுள்ள தொகுப்பு வடிவங்களில் பாதி தோற்றுப்போவதும் இதே துண்டு பார்ப்பவரின் கையில்தான்.

இரண்டாவது வள்ளம் ஈரலில் கட்டப்படும் மிகக் குறைந்த அடர்த்திக் கொழுப்புப்புரதம். அது குருதியில் ஓடி, கொழுப்பைக் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் நாம் "கெட்ட கொலஸ்ரரோல்" என்று வைகிற குறை அடர்த்திக் கொழுப்புப்புரதமாக மாறுகிறது. அந்தக் கெட்டது என்று பெயர் வாங்கிய வள்ளமே விற்றமின் ஈயை இழையங்களுக்கு எடுத்துச்செல்லும் முக்கியமான வண்டிகளில் ஒன்று. "நல்லது" எனப்படும் உயர் அடர்த்தியும் ஒரு பங்கைச் சுமக்கிறது. குருதியில் கொழுப்புப்புரதம் குறைந்தால் விற்றமின் ஈயும் குறைந்தே காட்டும். கூடினால் கூடிக் காட்டும். ஆகவே விற்றமின் ஈ பரிசோதனை செய்பவர்கள் தனி எண்ணைப் பார்க்காமல், குருதியின் மொத்தக் கொழுப்புக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கிறார்கள். நாங்கள் அந்தப் பரிசோதனையைச் செய்விக்கவில்லை. வைத்தியர் அவசியம் என்று நினைக்கவில்லை.

இனி வள்ளம் எதனால் கட்டப்படுகிறது என்று பார்க்கவேண்டும். ஈரல் அனுப்பும் ஒவ்வொரு வள்ளத்தின் ஏராவாகவும் அப்போபுரதம் பி-100 என்ற ஒற்றைப் புரதம் இருக்கிறது. அது, புரதங்களின் கட்டுக்கற்களான அமினோ அமிலங்கள் 4,536ஐ வரிசையாகக் கோர்த்த சங்கிலி. குடல் கட்டும் வள்ளத்துக்கு அதே புரதத்தின் குட்டை வடிவம், 2,152 அமினோ அமிலங்கள். துண்டு பார்ப்பவர் சிறியவர், 278 அமினோ அமிலங்கள். சதையியின் நொதியங்கள், கொழுப்பை வள்ளத்துக்குள் தூக்கிவைக்கும் நுண்ணவக் கடத்தற் புரதம், வள்ளத்திலிருந்து கொழுப்பை இறக்கும் நொதியம் எல்லாமே புரதங்கள். இந்த அமினோ அமிலங்களில் ஒன்பதை உடல் தானாகச் செய்துகொள்ள மாட்டாது, உணவிலிருந்துதான் வரவேண்டும். பாண் இரண்டு துண்டும் சொதியும் தருகிற அமினோ அமிலத்தை வைத்துக்கொண்டு உடல் எந்தத் துறையில் எத்தனை வள்ளம் கட்டும்?

இது என் கற்பனை உவமை மட்டுமன்று. ஆனைக்கோட்டைச் சந்தைக்குப் போகும் எவரும் அறியாத ஒரு சொல்லை இங்கே கொண்டுவர வேண்டியிருக்கிறது: குவாசியோக்கர். இன்றைய கானாவில், அன்று பொற்கரை எனப்பட்ட நாட்டில், வேலைசெய்த சிசிலி வில்லியம்ஸ் என்ற வைத்தியர் 1930களில் விவரித்த நோய் அது. தாய்க்கு அடுத்த பிள்ளை பிறந்ததும் தாய்ப்பால் மறக்கப்பட்ட மூத்த பிள்ளைக்கு வருவது என்ற பொருளில் அவ்வூர் மக்களின் கா மொழியிலிருந்து பெயரை எடுத்தார். மாப்பொருள் மட்டும் உண்டு புரதம் போதாமல் வளர்ந்த அந்தக் குழந்தைகளின் தசை மெலிந்திருக்க, ஈரலோ கொழுப்பு நிரம்பிப் பெருத்திருக்கும். உணவில் கொழுப்பு அதிகமில்லாத பிள்ளையின் ஈரலில் எப்படிக் கொழுப்பு? சரக்கு துறையில் தேங்கிவிட்டது. ஏற்றிச்செல்ல வள்ளம் கட்டப் புரதம் இல்லை என்பதே நெடுங்காலமாகத் தரப்படும் விளக்கம். அக்குழந்தைகளின் குருதியில் கொழுப்புப்புரதமும் குறைவு, விற்றமின் ஈயும் குறைவு. சதையி சுருங்கி நொதியம் குறைவதும், குடற்சடைமுளைகள் தேய்வதும் அதே நோயில் காணப்படுபவை; ஆகவே உள்ளே போவதிலும் தடை, ஈரலிலிருந்து வெளியே வருவதிலும் தடை.

வள்ளம் இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதைப் பரம்பரை நோய்கள் இரண்டு இன்னும் துல்லியமாகக் காட்டுகின்றன. ஒன்றில் வள்ளத்துக்குள் கொழுப்பைத் தூக்கிவைக்கும் புரதம் பழுது. அப்போபுரதம் பி கொண்ட வள்ளம் எதுவுமே குருதிக்கு வருவதில்லை, விற்றமின் ஈ அடியோடு குறைந்து நரம்பும் விழித்திரையும் கெடுகின்றன. மற்றதில் வள்ளமெல்லாம் சரியாகவே இருக்கிறது, கொழுப்பும் சமிபாடடைகிறது. துண்டு பார்ப்பவரின் பரம்பரையலகில் மட்டும் பிழை. அந்தப் பிழை 1995இல் கண்டுபிடிக்கப்பட்டது. நல்ல சாப்பாடு சாப்பிட்டும் அவர்கள் நடை தள்ளாடுகிறது, ஏனெனில் ஈரலுக்கு வந்த விற்றமின் ஈ திரும்பக் குருதிக்கு ஏற்றப்படுவதில்லை. எலிகளைக் கொண்டு செய்து 1998இல் வெளியான ஆய்வொன்று, உணவில் விற்றமின் ஈ குறைந்தாலும் புரதம் குறைந்தாலும் இதே கடத்தற் புரதமும் அதைக் கட்டுவதற்கான கட்டளையைக் கொண்ட ஆர்.என்.ஏ.யும் வேறுவேறு விதமாக மாற்றமடைவதைக் காட்டியது. ஆக, உணவிலுள்ள புரதம் துண்டு பார்ப்பவரின் இருக்கைவரை கை நீட்டுகிறது.

இங்கே ஒரு கடிவாளம் போடவேண்டும். பெரியம்மாவுக்குக் குவாசியோக்கர் இல்லை. புரதம் சற்றுக் குறைந்தவுடன் உடல் வள்ளம் கட்டுவதை நிறுத்திவிடாது. முதலில் தன் தசையைக் கரைத்து அமினோ அமிலம் எடுக்கும். பெரியம்மாவின் கை வளையல் முழங்கை வரை ஏறுவது அதற்குச் சாட்சி. அல்புமின் குறைவதற்குப் புரதக் குறைவு மட்டுமே காரணமென்றும் சொல்லமுடியாது. அழற்சி, ஈரல் நோய், சிறுநீரக நோய் எல்லாம் அதைக் குறைக்கும், வைத்தியர் அவற்றையும் பார்த்தே பேசினார். மறுபக்கமாக, விற்றமின் ஈயை அள்ளிக் கொடுத்தால் புரதக் குறைவின் கேடு நீங்கிவிடும் என்று நம்புபவர்களுக்கும் பதில் இருக்கிறது. மலாவியில் 2,372 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2005இல் வெளியிட்ட பரிசோதனையில், விற்றமின் ஈ, செலனியம், என்-அசிற்றைல் சிஸ்ரெயின், றைபோபிளேவின் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தும் குவாசியோக்கர் வருவது தடுக்கப்படவில்லை. சரக்கை மட்டும் கூட்டிப் பயனில்லை என்பதை இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

வைத்தியர் குளிசையை நிறுத்தச் சொன்னார். 22 குளிசைகள் எடுத்திருந்த அட்டைகளில் 38 மீந்தன. நான் கடைக்குப் போய் மைசூர்ப் பருப்பு, உழுந்து, பயறு, கச்சான், தயிர்ச்சட்டி என்று வாங்கிவந்து இறக்கினேன். ஒரு மாதக் கனடாக் குளிசையின் விலையில் இவற்றில் பாதி அடங்கியது. "இந்த வயதிலை எனக்கு என்ன புரதம், பிள்ளை? வளரப்போறனே?" என்று பெரியம்மா கேட்டார். வளர்வதற்கில்லை, குளிசையை ஏற்றுவதற்கு என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை, எனக்கும் வேறுவிதமாகச் சொல்ல வரவில்லை. பிறகு சாமத்தியவீட்டை நினைவூட்டினேன். பெரியபிள்ளையான பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கொடுத்து, பின்னால் உழுத்தங்களியும் கிண்டிக் கொடுத்தது இந்தப் பெரியம்மாதான். எனக்கும் அவரே மூக்கைப் பிடித்துப் பருக்கினார். எண்ணெயைத் தனியாகக் கொடுக்காமல் முட்டையோடும் உழுந்தோடும் கொடுத்த அந்தக் கை, தன் முறை வந்தபோது மட்டும் குளிசையைத் தேநீரில் விழுங்கியது. இதைக் கேட்டதும் அவர் சிரித்தார். களிக்குச் சம்மதித்தார்; முட்டைக்குச் சம்மதிக்கவில்லை. சோயா மீற்றை ஒருநாள் சமைத்துப் பார்த்தோம், இறைச்சி மாதிரிக் கிடக்கிறது என்று கோப்பையைத் தள்ளிவிட்டார். அதை வற்புறுத்தவில்லை.

கச்சானைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், ஏனெனில் இந்த மதிப்பீட்டில் நான் முழுமனதோடு பரிந்துரைக்கும் பொருள் அதுவே. நல்லூர்த் திருவிழாவில் கோயில் வீதியெங்கும் குவித்து வைத்து விற்கும் அந்தக் கச்சானில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதமும் ஏறத்தாழ 8 மில்லிகிராம் விற்றமின் ஈயும் இருக்கின்றன. ஒரு சிறு கைப்பிடி, 28 கிராம் அளவு, 7 கிராம் புரதத்தையும் 2 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட விற்றமின் ஈயையும், அதைக் கரைக்கும் எண்ணெயையும் ஒன்றாகவே கொண்டுவருகிறது. சரக்கும் வள்ளப்பலகையும் ஒரே மூடையில் வருவது வேறு எதில்? பெரியம்மாவுக்குப் பல் இல்லை. வறுத்து, தோல் போக்கி, இடித்துச் சம்பலிலும் களியிலும் சேர்த்தோம். கச்சான் வாங்கும்போது புதியதாகவும் பூஞ்சணம் பிடிக்காததாகவும் பார்த்து வாங்கவேண்டும். கசப்புத் தட்டினால் துப்பிவிடவேண்டும். எண்ணெய் கறலடித்தால் அதிலுள்ள விற்றமின் ஈயும் கூடவே அழிந்துவிடும். தேங்காய் எண்ணெயில் விற்றமின் ஈ மிகக் குறைவு என்பதால் சமையலுக்கு அதையே முழுதாக நம்பியிருப்பவர்களுக்குக் கச்சானும் முருங்கையிலையும் இன்னும் தேவை.

பருப்புக்கு வாய்வு என்ற பழைய குற்றச்சாட்டை, ஊறவைத்து முதல் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளியும் பெருங்காயமும் கூட்டி அவித்துச் சமாளித்தோம். ஒருபொழுது நாளில் மதியச் சாப்பாட்டிலேயே பருப்பும் தயிரும் இரட்டிப்பாயின. விரதத்தை விடச் சொல்ல நான் துணியவில்லை. நாளொன்றுக்கு 45 கிராம் வரை எட்டினோம்.

மூன்று மாதங்களின் பின் அல்புமின் 36 ஆனது, கொலஸ்ரரோல் 151, எடை 50 கிலோ. கொலஸ்ரரோல் கூடியதில் பெரியம்மாவுக்கு வருத்தம். தோல் செதிலுதிர்வது குறைந்தது. கால் பிடிப்பு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது, முன்பு இரவுதோறும் வந்தது. இதற்கு விற்றமின் ஈ இழையங்களைப் போய்ச்சேர்ந்ததுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். தசை கொஞ்சம் ஊறியதும், தயிரிலுள்ள கல்சியமும், மாலையில் கோயில்வரை நடக்கத் தொடங்கியதும் சேர்ந்தே வேலைசெய்திருக்கும்.

ஆகவே பொருளின் மேல் என் தீர்ப்பு இப்படி. கொழுப்பு உறிஞ்சுவதில் கோளாறுள்ளவர்களுக்கும், மேலே சொன்ன பரம்பரை நோயுள்ளவர்களுக்கும் வைத்தியர் அளவு சொல்லி எழுதித் தரும்போது இக்குளிசை உண்மையிலேயே மருந்து. கடத்தற் புரதம் பழுதான நோயில் பெரிய அளவு விற்றமின் ஈ அந்தக் குறையைப் பகுதியாக ஈடுசெய்கிறது. அவர்களுக்கு இரண்டு தயாரிப்புகளும் நம்பகமானவையாகவே எனக்குத் தெரிந்தன, விலைக்கு உள்ளூர் அட்டையும் வலுவுக்குக் கனடாப் போத்தலும். நன்றாகச் சாப்பிடும் ஆரோக்கியமானவர் இதைச் சும்மா எடுப்பதில் ஆதாயமில்லை, நட்டமும் வரலாம். அமெரிக்கா, கனடா உள்ளிட்ட நாடுகளில் 35,000க்கு மேற்பட்ட ஆண்களுக்கு இதே 400 ஐ.யு. அளவை நாள்தோறும் கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனையில், புரஸ்தேற்றுப் புற்றுநோய் 17 வீதம் கூடியதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. பெரியம்மா மாதிரிச் சோறும் சொதியுமாகக் காலம் தள்ளுகிறவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து போத்தல் அனுப்பும் பிள்ளைகள், அந்தப் பணத்தை அயல்வீட்டாரிடம் கொடுத்துப் பருப்பும் தயிரும் வாங்கிக் கொடுக்கச் சொல்லலாம்.

பாமசியின் சேவைக்கு என்னிடம் பெரிய முறைப்பாடு இல்லை. காலாவதித் திகதி பார்த்துத் தந்தார்கள், மீதிக் காசும் சரியாக இருந்தது. "அஸ்பிரின் எடுக்கிறாவா, சாப்பாட்டோடை போடுறாவா" என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். மீந்த 38 குளிசைகளைத் திருப்பி எடுக்க முடியாது என்று மரியாதையாகவே சொன்னார்கள். பெரியம்மா அவற்றை ஊசியால் குத்திக் குதிக்கால் வெடிப்புக்குப் பூசிவருகிறார். இப்போது 11 மிச்சம்.